ஒரு தலை கூடுதல்

"இருநூத்துப் பதினாலு" என்றார் தலைமை வார்டர்.

"இருநூத்துப் பதிமூணு" என்றார் டேபிள்.

"மூணு தடவை எண்ணிட்டேன்யா நான்."

"கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை போதும் சார்."

சொல்லி முடித்த கையோடு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று டேபிளுக்குத் தோன்றியது. தலைமை வார்டர் கையில் இருந்த தடியை மேசைமேல் வைத்தார். அது அடிக்கிற தடி அல்ல, எண்ணுகிற தடி. காலையிலும் மாலையிலும் கைதிகளை நாலு நாலு பேராக முற்றத்தில் குந்தவைத்து, அந்தத் தடியை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணுவார். இருபத்தாறு வருடமாக எண்ணுகிறார். தடி தப்புச் சொல்லாது என்பது அவர் கட்சி.

டேபிள் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அந்தச் சிறையில் கணினியைப் பார்த்துக்கொள்ள வந்த நாளிலிருந்து, யார் எதைக் கேட்டாலும் "டேபிளைப் பாத்துத்தான் சொல்லணும்" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. டேபிள் என்றால் கணினிக்குள் இருக்கும் கைதிகள் பட்டியல். ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் பெயர், அப்பா பெயர், வயது, வழக்கு, வந்த நாள், அங்க அடையாளம், வீட்டு போன் நம்பர் என்று நாற்பத்தோரு கட்டங்கள். முற்றத்தில் எத்தனை தலையோ, டேபிளில் அத்தனை வரிசை இருக்க வேண்டும். இருந்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், கைதிகளைத் தவிர.

தீர்ப்பு வராதவர்களை வைத்திருக்கும் சிறை அது. சீருடை கிடையாது. பிடித்து வந்தபோது போட்டிருந்த சட்டையோடுதான் இருப்பார்கள். தினம் பத்துப் பேர் வருவார்கள், எட்டுப் பேர் ஜாமீனில் போவார்கள். ஒரு முகம் மனசில் பதிவதற்குள் அந்த முகம் போய்விடும். அதனால் எண்ணிக்கைதான் எல்லாம். மாலை ஆறு மணிக் கணக்கு, கண்காணிப்பாளர் கையெழுத்தோடு தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

"இங்க பாரு டேபிள்" என்றார் தலைமை வார்டர். "ஒரு தலை குறைஞ்சா எவனோ ஓடிட்டான்னு அர்த்தம். அதுக்கு நான் பதில் சொல்லணும். ஒரு தலை கூடினா நீ எவனையோ பதியாம விட்டுட்டேன்னு அர்த்தம். அதுக்கு நீ பதில் சொல்லணும். உலகத்துல எவனாவது ஜெயிலுக்குள்ள எகிறிக் குதிச்சு வருவானா?"

டேபிள் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தார். முதலாவது, ஒரு கைதியின் வயதை முந்நூற்று நாற்பது என்று பதிந்ததற்கு. இரண்டாவது, அதைத் திருத்தப் போய் நான்கு என்று பதிந்ததற்கு. மூன்றாவதாக ஒன்று நடந்தால் மெமோ தர மாட்டேன், ஆளே வர வேண்டாம் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். அவர் வேடிக்கைக்குப் பேசுகிற மனிதர் அல்ல.

டேபிளுக்கு வயது நாற்பத்தாறு. கணினி வகுப்பு நடத்தி அதை மூடியாயிற்று. அச்சகத்தில் சேர்ந்து அதுவும் மூடியாயிற்று. மூன்றாவதாக இந்த வேலை, மனைவியின் அண்ணன் சிபாரிசில் கிடைத்தது. தங்கை புருஷனை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்த ஒரே மச்சான் தான்தான் என்று அவர் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். டேபிளும் கூடவே சிரிப்பார். வேறு வழியில்லை. இந்த வேலையும் போனால் இனி எந்த வாசலில் போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒவ்வொருத்தனா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துடலாமா சார்? எவன் விட்டுப்போனான்னு தெரிஞ்சுடும்."

"எல்லாம் கலைஞ்சு போயாச்சு. மறுபடி குந்தவெக்கணும்னா நீயே வந்து குந்தவை."

அப்போதே போய்க் குந்தவைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. டேபிள் இருநூற்றுப் பதினான்கு பேரை நினைத்துப் பார்த்தார். காலைப் பத்து மணி வெயிலையும் பார்த்தார். நேற்று சாயங்காலம் வண்டியில் வந்தவர்களில் எவனையோ விட்டிருப்போம், ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டுப் பெயரை அப்புறம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்.

புதிதாக ஓர் ஆளைச் சேர்க்க முறையான வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. நாற்பத்தோரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் கணினி ஏற்காது. செருப்பு அளவு தெரியவில்லை என்றால்கூடச் சிவப்பு எழுத்தில் கத்தும். வாசலில் வண்டி நிற்கும்போது, கூட வந்த போலீஸ்காரர்கள் "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்று நெருக்கும்போது, பத்துப் பேரின் செருப்பைக் கழற்றி அளந்து கொண்டிருக்க யாரால் முடியும். எனவே டேபிள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். ஏற்கெனவே உள்ள ஒருவனின் வரிசையை அப்படியே காப்பி எடுப்பார். பெயரை மட்டும் மாற்றுவார். மற்ற கட்டங்களை நேரம் கிடைக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்று விடுவார். நேரம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

அவர் எப்போதும் காப்பி எடுப்பது ஒரே ஆளின் வரிசையைத்தான். சைக்கிள் என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவன். பத்தொன்பது சைக்கிள் திருடிய வழக்கு. ஓய்வான ஒரு நாளில் வந்து சேர்ந்ததால் அவன் வரிசையில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தது. இந்தப் புண்ணியத்தில் அந்தச் சிறையில் முப்பத்தொன்பது பேருக்கு இடது கன்னத்தில் தழும்பு இருந்தது. அத்தனை பேரும் ஒரே நாளில் வந்தவர்கள், ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள். எல்லாம் கணினியில்தான்.

காப்பி எடுக்கும் கட்டளை மொத்தம் மூன்று வரி. டேபிளில் சேர் என்பது முதல் வரி. டேபிளில் இருப்பதையே எடுத்துச் சேர் என்பது இரண்டாவது. எந்த ஆளை என்பது மூன்றாவது. கட்டளையை மவுஸால் இழுத்து நீலமாக்கி, பொத்தானை அழுத்த வேண்டும். நீலமான வரிகள் மட்டும் ஓடும். அன்றைக்கு இழுத்த கை இரண்டாவது வரியோடு நின்றுவிட்டது.

எந்த ஆளை என்று சொல்லாவிட்டால் கணினி திரும்பக் கேட்காது. எல்லா ஆளையும் என்று எடுத்துக்கொள்ளும்.

'213 வரிசைகள் சேர்க்கப்பட்டன' என்று திரையில் வந்தது.

டேபிள் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இப்போது டேபிளில் நானூற்று இருபத்தாறு பேர். எல்லாரும் ஆளுக்கு இரண்டாக இருந்தார்கள். சைக்கிளும் இரண்டு.

ஐந்து நிமிடத்தில் சமையல் மேஸ்திரி வந்தார். சமையற்கட்டில் ஒரு சின்னத் திரை உண்டு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்பதை அது காட்டும்.

"சார், நானூத்து இருபத்தாறுன்னு காட்டுது. நெசமா?"

"இல்ல, தப்பா விழுந்துடுச்சு. இப்ப சரி பண்ணிடுவேன்."

"உலை வெச்சாச்சே."

"எத்தனை பேருக்கு?"

"திரையில காட்டினதுக்குத்தான். போன மாசம் நான் ஆளைப் பாத்து சமைச்சதுக்கு, 'உனக்கெதுக்குக் கண்ணு, அதான் திரை இருக்கே'ன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். மேஸ்திரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். "மிச்சப் பேரை எங்க வெச்சிருக்கீங்க?" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது தொலைபேசி. அந்தச் சிறையில் இருநூற்று நாற்பது பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் ஒரு வரிசை கூடினாலும் தலைமை அலுவலகத்தில் மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"நூத்தி எண்பத்தாறு பேர் கூடுதலா இருக்காங்களே, எப்படிய்யா படுக்கவெச்சீங்க?" என்றது அதிகாரியின் குரல்.

"ஐயா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நாலு பஸ் அனுப்பறேன். மூணு மணிக்கு வரும். நூத்தி எண்பத்தாறு பேரைத் தயார் பண்ணி வாசலுக்குக் கொண்டாந்து வைங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிடமே மூன்றாவது மெமோ. டேபிள் "சரிங்கய்யா" என்றார். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். உடனே கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? மெமோவா?"

"அதெல்லாம் இல்ல. வேலை கொஞ்சம் ரெட்டிப்பா வந்துடுச்சு."

"எங்கண்ணன் காலைல போன் பண்ணார். உன் வீட்டுக்காரர் வேலையில இருக்காரான்னு கேட்டார். இருக்காருன்னு சொன்னேன். இருக்கீங்கதானே?"

"இதுவரைக்கும் இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சரி, இரட்டையாக இருப்பதில் ஒன்றை அழித்துவிட்டால் தீர்ந்தது. இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. அன்றைக்குச் சேர்ந்த வரிசைகளுக்கெல்லாம் கணினி புதிய எண் கொடுத்திருந்தது. அந்த எண்களை மட்டும் அழித்தால் கதை முடிந்தது. இந்த யோசனை டேபிளுக்குச் சில நாள் கழித்துப் பல் துலக்கும்போது வந்தது. அன்றைக்கு வந்த யோசனை வேறு.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், பெயரை நம்ப முடியாது என்று அவர் யோசித்தார். அது நியாயமான யோசனை. அப்பா பெயரும் வந்த நாளும் ஒன்றாக இருந்தால் அது கட்டாயம் ஒரே ஆள்தான் என்று அடுத்தபடி யோசித்தார். வேறெந்தச் சிறையிலும் இது சரியாக இருந்திருக்கும். அப்பா பெயரும் வந்த நாளும் ஒன்றாக உள்ள வரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழி என்று கட்டளை எழுதினார். இம்முறை மூன்று வரியையும் விரலால் தொட்டு எண்ணி, நீலமாக்கி, பொத்தானை அழுத்தினார்.

இருநூற்றுப் பதின்மூன்று வர வேண்டிய இடத்தில் நூற்று எழுபத்தைந்து என்று வந்தது.

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. அப்புறம் சைக்கிளின் தழும்பு நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் வந்து ஒரே அப்பாவுக்குப் பிறந்த முப்பத்தொன்பது பேரில் சைக்கிளை மட்டும் விட்டுவிட்டு, முப்பத்தெட்டுப் பேரைக் கணினி துடைத்துப் போட்டிருந்தது. சோம்பலுக்கு இப்படிக்கூட ஒரு தண்டனை உண்டா என்று நொந்துகொண்டார். மாற்று நகல் எடுத்து வைக்கும் வேலையும் அவருடையதுதான். கடைசியாக எப்போது எடுத்தோம் என்று யோசித்துவிட்டு, அந்த யோசனையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அழித்ததில் இன்னொரு சிக்கல் இருந்ததும் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு வரிசையை அழித்தால் அந்த ஆள் விடுதலை என்பது கணினியின் கணக்கு. விடுதலையான உடனே வீட்டுக்கு மெசேஜ் போகும். 'தங்கள் உறவினர் இன்று விடுவிக்கப்பட்டார். வந்து அழைத்துச் செல்லவும்.' அவர் அழித்தது மொத்தம் இருநூற்று ஐம்பத்தொரு வரிசை.

இரண்டரை மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மாக்கள், மனைவிகள், மாமன்மார், ஒரு வக்கீல். மூன்று மணிக்கு அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நாலு பஸ் வந்து நின்றது. தலைமை வார்டர் டேபிளின் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நூத்தி எண்பத்தாறு பேர்" என்றார் பஸ்ஸோடு வந்த அதிகாரி, காகிதத்தை நீட்டி.

"சார், இப்ப மொத்தமே நூத்தி எழுபத்தஞ்சுதான் இருக்காங்க" என்றார் டேபிள்.

"எனக்கு நூத்தி எண்பத்தாறுன்னுதான் உத்தரவு."

"அத்தனை பேரையும் கொடுத்தாலும் பதினொண்ணு குறையுமே சார்."

"அப்ப அந்தப் பதினொரு பேரை நான் ரோட்டுல போறவங்கள்ல புடிச்சு ஏத்திக்கணுமா?"

தலைமை வார்டர் நடுவில் புகுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். அங்கே இப்போது நூற்று எழுபத்தைந்து என்று காட்டியது. இடம் காலியாக இருக்கிறதே, ஏன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனாய் என்று அவருக்கே திட்டு விழுந்தது. அவர் டேபிளை ஏற இறங்கப் பார்த்தார். நாலு காலி பஸ்ஸோடு திரும்பிப் போனார்.

கூட்டம் அப்படிப் போகவில்லை. ஒரு அம்மாள் மாற்றுத் துணியெல்லாம் கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி, "ஆறு மாசமாவது ஆகும்னு சொன்னீங்க, இப்பத்தான் வீட்டுல கொஞ்சம் நிம்மதியா இருக்கேன், அதுக்குள்ள ஏன் விட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். விடவில்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். சைக்கிளின் மனைவி கைபேசியை டேபிளின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எழுபத்தேழு மெசேஜ் சார். என் வீட்டுக்காரரை எழுபத்தேழு தடவை விட்டிருக்கீங்க. ஒரு தடவைகூட வீடு வந்து சேரலையே."

"கம்ப்யூட்டர் தப்பும்மா."

"முதல் மெசேஜுக்குத் தெருவெல்லாம் சொல்லிட்டேன். பத்தாவது மெசேஜுக்குப் பயமாயிடுச்சு. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா சார், உண்மையைச் சொல்லுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. டேபிளுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. "நல்லா இருக்காரும்மா, மதியம் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்" என்றார். அன்றைக்கு எல்லாருமே இரண்டு ஆள் சாப்பாடுதான் சாப்பிட்டிருந்தார்கள்.

நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வாசல்ல என்ன கூட்டம், பஸ் எதுக்கு வந்துச்சு, மேஸ்திரி ஏன் ராத்திரிக்குச் சமைக்க மாட்டேங்கறார், இதெல்லாம் நான் கேக்கல. ஆறு மணிக்கு என் மேசைமேல காகிதம் இருக்கணும். முற்றத்துல எண்ணினதும் டேபிள்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நான் ஒரு காகிதம் எழுதுவேன். அதை வாங்கிட்டு நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

டேபிள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தார். மனைவியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் மச்சானில் போய் முடிந்தது.

தலைமை வார்டர் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் அந்தப் படிக்கட்டில் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தவர்.

"எழுந்திரு. குந்தவெக்கறேன், வா" என்றார்.

நாலரைக்கு எல்லாரும் முற்றத்தில் குந்தினார்கள். தடி மறுபடி எண்ணியது. இருநூற்றுப் பதினாலு. டேபிள் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த நூற்று எழுபத்தைந்து பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர் வந்தவன் எழுந்து சுவர் ஓரம் போய் நின்றான். கடைசியில் முப்பத்தொன்பது பேர் குந்தியபடி மிச்சமிருந்தார்கள். அழிந்துபோனவர்கள் முப்பத்தெட்டு, காலையிலிருந்து தேடும் அந்த ஒருவன் ஒன்று. நூற்று எழுபத்தைந்தோடு முப்பத்தொன்பது. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. டேபிள் விரல் விட்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

நாற்பத்தோரு கட்டத்தை முப்பத்தொன்பது தடவை நிரப்ப நேரமில்லை. மறுபடி சைக்கிள்தான். அவன் வரிசையைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி, அடுத்த ஆள். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரி நீலமாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார்.

"அப்பா பேர் சொல்லட்டுமா சார்?" என்றான் ஒருவன்.

"வேண்டாம்ப்பா. இருக்கறவரே போதும்."

முப்பத்தெட்டுப் பேர் முடிந்தபோது ஐந்து ஐம்பது. கடைசி வரிசையில் ஒரே ஒருவர் குந்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். நீல நிறச் சட்டை. நாள் பூராவும் யாரோடோ வாதாடிக் களைத்தவர் போல முகம் வாடியிருந்தது.

"இவன்தான். காலைலேருந்து நம்ம உயிரை எடுத்தவன்" என்றார் தலைமை வார்டர்.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா, நான் இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லீங்க."

முற்றமே சிரித்தது. சுவர் ஓரம் நின்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் சிரித்தார்கள். "நாங்க மட்டும் என்ன, விருந்துக்கா வந்தோம்?" என்றது ஒரு குரல்.

"இல்லீங்கய்யா, சத்தியமா. நான் ஒரு தப்பும் பண்ணல. வார்டருங்ககிட்ட காலைலேருந்து சொல்றேன், யாரும் காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க."

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லு. இங்க பேரை மட்டும் சொன்னா போதும்" என்றார் தலைமை வார்டர்.

டேபிள் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமா என்று நினைத்தார். கடிகாரம் ஐந்து ஐம்பத்திரண்டு காட்டியது. பெயரைக் கேட்டு அடித்தார். சைக்கிளின் வரிசையிலிருந்து மற்ற நாற்பது கட்டமும் தானாக வந்து நிரம்பின. பத்தொன்பது சைக்கிள், இடது கன்னத்தில் தழும்பு, செருப்பு அளவு எட்டு.

"ஐயா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க..."

தலைமை வார்டர் குனிந்து திரையைப் பார்த்தார். கடைசிக் கட்டத்துக்குக் குறிப்பு என்று பெயர். 'வாயைத் திறந்தால் பொய். சொல்வது எதையும் நம்ப வேண்டாம்' என்று அதில் இருந்தது.

"பாத்தியா, கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார் அவர். "போ, போய் வரிசையில நில்லு."

இரண்டு வார்டர்கள் அவரைத் தோளில் கைவைத்து அழைத்துப் போனார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். டேபிள் மொத்த எண்ணிக்கையைத் தட்டினார். இருநூற்றுப் பதினாலு. தலைமை வார்டர் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் காகிதம் கண்காணிப்பாளரின் மேசையில் இருந்தது. அவர் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"ஒரு ஆளைக்கூட விடாம புடிச்சுட்டீங்க. இனிமே காலைலயே இப்படிப் பாத்துடுங்க" என்றார். மெமோ என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை.

டேபிளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நடையிலேயே நின்று மனைவிக்கு போன் போட்டார்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு. வேலையில இருக்கேன்."

"நெசமாவா?"

"பெரியவர் வாயாலயே பாராட்டினார்."

"சீக்கிரம் வாங்க, காத்திருக்கேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிக்கொண்டே அவர் மேசையைப் பூட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உள் கேட்டைத் தாண்டி, வெளிக் கேட்டுக்கு வந்தார்.

வாசல் காவலர் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து, அன்றைக்கு உள்ளே வந்து போனவர்களின் பெயர்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். டேபிள் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார் காவலர். "காலைல ஒம்போதரைக்குக் குளியலறைக் குழாயைச் சரி பண்ண உள்ள போன பிளம்பர் இன்னும் வெளிய வரலையே, நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?"